ஒரு வருஷம், நாலு பேரரசர்கள்

இன்னைக்கு எபிசோடை ஒரு கட்டு மனுக்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

கி.பி. 69, ஜனவரி 15. ரோம் நகரத்தோட மையத்துல, ஃபோரம்னு சொல்ற பொதுவெளியில, பேரரசர் கால்பாவைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. கொன்னவங்க வெளிநாட்டு எதிரிங்க கிடையாது, ரோமோட சொந்தப் படைவீரர்கள். தலையைக் கம்பத்துல குத்தி ஊர்வலமா கொண்டு போனாங்க. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் விசித்திரம். "அந்தக் கொலையில எனக்கும் பங்கு இருக்கு, பரிசு குடுங்க"ன்னு புதுப் பேரரசர் ஓத்தோவுக்கு மனு மேல மனு வந்தது. மொத்தம் 120-க்கும் மேலன்னு வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதறார். ஒரு கிழவரைக் கொல்ல 120 பேர் எதுக்கு? சும்மா பக்கத்துல நின்னவனும் மனு போட்டிருப்பான்.

மூணு மாசத்துல ஓத்தோவும் போயிட்டார். அடுத்து வந்த விட்டெல்லியஸ் கையில அந்த மனுக் கட்டு சிக்கிச்சு. மனு போட்ட அத்தனை பேரையும் தேடிப் பிடிச்சுக் கொல்ல உத்தரவு போட்டார். கால்பா மேல அவருக்குப் பாசமா? இல்லவே இல்லை. கால்பாவுக்கு எதிரா முதல்ல கிளம்பின ஆளே விட்டெல்லியஸ்தான். ஆனா பேரரசரைக் கொன்னவன் பரிசு வாங்கிட்டுப் போகலாம்னு ஒரு வழக்கம் வந்துட்டா, அடுத்த தலை யாரோடதுன்னு அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் முடியறதுக்குள்ள அவர் தலையும் போச்சு. ஜனவரியில கால்பா, அப்புறம் ஓத்தோ, அப்புறம் விட்டெல்லியஸ், டிசம்பர் கடைசியில வெஸ்பாசியன். நாலு பேர். வரலாற்றுப் புத்தகங்கள்ல இதுக்கு "நான்கு பேரரசர்களின் ஆண்டு"ன்னே பேரு.

இதை நாலு பேரோட கதையா சொன்னா சினிமா மாதிரி ஜோரா இருக்கும். கஞ்சன், காதலன், சாப்பாட்டு ராமன், கடைசியில ஒரு கண்டிப்பான கிராமத்துக்காரர். பெரும்பாலும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அந்த வெர்ஷன் மேல பெருசா நம்பிக்கை இல்லை. நான் இன்னைக்குப் பேச நினைக்கிறது வேற ஒரு கேள்வி. ரோம்ல ஒருத்தரைப் பேரரசர் ஆக்கறது யாரு? அந்த அதிகாரம் யாருகிட்ட இருந்தது?

சட்டப்படி பார்த்தா, அப்படி ஒரு பதவியே கிடையாது. அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

கொஞ்சம் பின்னாடி போவோம். கி.மு. 31-ல ஆக்டியம் கடல் போர்ல ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் தோற்கடிச்சு, அதுக்கு முன்னாடி பல பத்தாண்டுகளா நடந்த உள்நாட்டுப் போரை முடிச்சவர் அகஸ்டஸ். ராஜான்னு சொன்னா ரோம்காரங்களுக்குப் பிடிக்காது; ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்னதே அந்தச் சந்தேகத்துலதான். அதனால அகஸ்டஸ் "நான் ராஜா இல்லை, உங்கள்ல முதல் குடிமகன், அவ்வளவுதான்"னு சொல்லிக்கிட்டார். செனட் இருந்தது, தேர்தல் இருந்தது, கான்சல்னு சொல்ற தலைமைப் பதவிகள் இருந்தது. எல்லாம் பழைய குடியரசு மாதிரியே இருந்தது, படை மட்டும் அவர் கையில. பல தனித்தனி அதிகாரங்களைச் செனட் ஒவ்வொண்ணா அவருக்குக் குடுத்தது. அதெல்லாத்தையும் சேர்த்துக் கட்டின மூட்டைக்குத்தான் நாம பேரரசர்னு பேர் வெச்சிருக்கோம்.

புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனா இல்லாத பதவிக்கு வாரிசு விதி எப்படி எழுதறது? அப்பாவுக்கு அப்புறம் பிள்ளைன்னும் எழுத முடியாது, செனட் ஓட்டுப் போடும்னும் எழுத முடியாது. அந்த ஓட்டையைக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஒரு குடும்பப் பேரு அடைச்சு வெச்சிருந்தது. அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ. எல்லாரும் ஒரே வீடு. பைத்தியமோ நல்லவரோ, சீசர் வீட்டுப் பிள்ளைன்னு படைவீரன் சத்தியம் பண்ணிக்கிட்டான்.

68 ஜூன் மாசம் நீரோ செத்தார். வயசு 30. பிள்ளை இல்லை, வாரிசுன்னு சொல்ல அந்தக் குடும்பத்துல யாரும் மிச்சம் இல்லை. இருந்த சொந்தக்காரங்களை அவரே தீர்த்துக் கட்டியிருந்தார். அடைப்பு பிடுங்கிக்கிச்சு.

இப்ப பணத்துக்கு வருவோம். இந்தக் கதையோட நிஜமான கதாநாயகன் அதுதான்.

தலைநகரத்துல பேரரசரைக் காக்கற படைக்கு பிரிட்டோரியன் காவல்படைன்னு பேரு. 41-ல கலிகுலா கொல்லப்பட்டப்ப, இவங்கதான் கிளாடியஸை முகாமுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பேரரசர் ஆக்கினாங்க. அதுக்கு அவர் தலைக்கு 15,000 செஸ்டர்ஸ் குடுத்தார். 68-ல நீரோவைக் கைவிடறதுக்கு, அந்தப் படையோட தலைவர் நிம்ஃபிடியஸ் சபீனஸ் தன் ஆட்களுக்கு ஒரு வாக்குக் குடுத்தார்: கால்பாவை ஏத்துக்கோங்க, அவர் தலைக்கு 30,000 தருவார். 27 வருஷத்துல விலை ரெண்டு மடங்கு.

30,000 எவ்வளவு? ஒரு பிரிட்டோரியன் வீரனுக்கு வருஷச் சம்பளம் 3,000 செஸ்டர்ஸ். அதாவது பத்து வருஷச் சம்பளம், ஒரே நாள்ல. எல்லையில பனியில நிக்கற சாதாரண வீரனுக்கு வருஷத்துக்கு 900 செஸ்டர்ஸ்தான். வெள்ளிக் காசுல சொன்னா 225 டெனாரியஸ். கோயம்புத்தூர், கரூர் பக்கமெல்லாம் பானையில புதையலா கிடைச்ச அதே ரோமானிய வெள்ளிக் காசுதான். மியூசியத்துல பார்த்தா நகம் அளவுதான் இருக்கும். அதுல 225, ஒரு வருஷ உழைப்பு. சாப்பாட்டுக்கும் துணிக்கும் அதுலயேதான் பிடிப்பாங்க.

அந்த வாக்கு கால்பா குடுத்தது கிடையாது. அவர் அப்போ ஸ்பெயின்ல ஆளுநரா இருந்தார், எழுபது வயசைத் தாண்டினவர். ரோமுக்கு வந்து சேர்ந்ததும் வீரர்கள் பணம் கேட்டாங்க. நான் வீரர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறவன், விலைக்கு வாங்கறவன் இல்லைங்கற மாதிரி பதில் சொல்லிட்டார். கேக்க நல்லாத்தான் இருக்கு. கொள்கை. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த வாக்கை நம்பித்தான் அவங்க பழைய பேரரசருக்குப் பண்ண சத்தியத்தை உடைச்சாங்க. இவர் நாற்காலியில உக்கார்ந்ததே அந்த உடைஞ்ச சத்தியத்து மேலதான். உக்கார்ந்துட்டு, வாக்குக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னா?

கஜானாவும் காலி. நீரோ 220 கோடி செஸ்டர்ஸை வேண்டியவங்களுக்கு வாரிக் குடுத்திருந்தார். அதுல பத்துல ஒன்பது பங்கைத் திருப்பிக் குடுங்கன்னு கால்பா ஆள் அனுப்பினார். வாங்கினவன் எப்பவோ செலவு பண்ணியிருப்பான். ஊர் முழுக்க ஏலம் நடந்தது, உள்ள வந்த பணம் கொஞ்சம், சம்பாதிச்ச பகை நிறைய.

இதுக்கு நடுவுல, வடக்கே ரைன் நதிக் கரையில ஏழு லீஜியன் படைகள் கடுப்புல இருந்தது. லீஜியன்னா ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படைப்பிரிவு. நீரோவுக்கு எதிரா முந்தின வருஷம் கால் நாட்டுல விண்டெக்ஸ்னு ஒரு ஆளுநர் கலகம் பண்ணினார். இன்னைக்குப் பிரான்ஸ் இருக்கற பகுதி. அவரை அடக்கினது இந்த ரைன் படைகள்தான். அவங்க பார்வையில அவங்க வேலையைத்தான் செஞ்சாங்க. ஆனா விண்டெக்ஸ் கால்பாவோட கூட்டாளி. கால்பா ஜெயிச்சதும், பரிசுக்குப் பதிலா சந்தேகம்தான் கிடைச்சது. அவங்களுக்குப் பிடிச்ச தளபதி வெர்ஜினியஸ் ரூஃபஸையும் மாத்திட்டாங்க.

வெர்ஜினியஸ் பத்தி ஒரு வார்த்தை. வீரர்கள் அவரைப் பேரரசரா இருங்கன்னு கெஞ்சினாங்க, மாட்டேன்னுட்டார். அடுத்த வருஷம் இன்னொரு தடவை கேட்டு வீட்டைச் சுத்தி நின்னப்ப, பின்பக்கமா நழுவிட்டார். அந்த நாலு பேர்ல மூணு பேர் ஒரே வருஷத்துல செத்தாங்க. இவர் எண்பது வயசைத் தாண்டி வாழ்ந்து 97-ல கான்சலா இருக்கறப்ப காலமானார். இறுதி உரை ஆற்றினது யார்னு நினைக்கறீங்க, டாசிட்டஸ்தான்.

சரி, 69 ஜனவரி 1. வருஷப் பிறப்பு அன்னைக்கு எல்லாப் படையும் பேரரசருக்கு விசுவாசச் சத்தியம் பண்ணணும். மைன்ஸ்ல இருந்த ரெண்டு லீஜியன் கால்பாவோட சிலைகளை உடைச்சாங்க. மறுநாள் கொலோன்ல விட்டெல்லியஸைப் பேரரசர்னு அறிவிச்சுட்டாங்க. அவர் அங்க வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டைத் தவிர வேற ஆசை இல்லாத ஆளு, ஆபத்து இல்லைன்னு நினைச்சுத்தான் கால்பா அவரை அனுப்பியிருந்தார்னு ஒரு பேச்சு உண்டு.

ஸ்பெயின்ல ஒருத்தரைப் பேரரசரா ஆக்க முடியும்னா, ஜெர்மனியில ஏன் முடியாது? டாசிட்டஸ் இதை ஆட்சியோட ரகசியம் வெளிய வந்துட்டதா பார்க்கறார்: பேரரசரை ரோம்லதான் உருவாக்கணும்னு இல்லைங்கற ரகசியம். எனக்கு அதுல இன்னொரு பக்கமும் தெரியுது. இடம் எங்கங்கறது மட்டும் ரகசியம் இல்லை. வழி ஒண்ணுதான், கையில படை இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கிற பேப்பர்ங்கறதும் ரகசியம்தான்.

ஜெர்மனிச் செய்தி வந்ததும் பதறிப் போன கால்பா, ஜனவரி 10-ல பீஸோங்கற இளைஞரைத் தத்து எடுத்தார். காவல்படை முகாம்லயே போய் அறிவிச்சார். பணம் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கொஞ்சம் குடுத்திருந்தாலும் அவங்க மனசு மாறியிருக்கும்னு டாசிட்டஸ் சொல்றார். தத்து எனக்குத்தான்னு நம்பிக் காத்திருந்த ஓத்தோ, கழுத்தளவு கடன்ல இருந்தார். அஞ்சு நாள் கழிச்சு, வெறும் 23 வீரர்கள் அவரைப் பேரரசர்னு கோஷம் போட்டு, பல்லக்குல தூக்கி வெச்சு முகாமுக்குக் கொண்டு போனாங்க. 23 பேர்! எண்ணிக்கையைப் பார்த்து ஓத்தோவே பயந்துட்டாராம். முகாம் வரை போற வழியில கூட்டம் சேர்ந்துச்சு. சிலருக்கு விஷயம் தெரியும், பலருக்குத் தெரியாது, எல்லாரும் கூட நடந்தாங்க.

அன்னைக்குக் காலையில ரோம் மக்கள் அரண்மனையில திரண்டு, ஓத்தோவைக் கொல்லுங்கன்னு கத்தினாங்க. சாயங்காலத்துக்குள்ள அதே மக்கள் முகாமுக்கு ஓடி ஓத்தோ கையை முத்தமிட்டாங்க. செனட்டும் அப்படித்தான், ராத்திரியே கூடி எல்லாப் பட்டங்களையும் ஓத்தோவுக்குக் குடுத்தாங்க. பயம்தான், புரியுது. ஆனா அர்வல் சகோதரர்கள்னு ஒரு அர்ச்சகர் குழு இருந்தது. அவங்க பண்ணின பூஜைகளையெல்லாம் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க, அந்தக் கல்வெட்டு துண்டு துண்டா இன்னைக்கும் கிடைக்குது. அந்த வருஷத்துப் பதிவுல, கால்பா நல்லா இருக்கப் பலி, ஓத்தோ நல்லா இருக்கப் பலி, அப்புறம் விட்டெல்லியஸ் நல்லா இருக்கப் பலி. அதே குழு, அதே மாதிரி மாடுகள். மாடுங்களுக்குத்தான் அந்த வருஷம் ரொம்ப மோசம்.

ஓத்தோவோட முடிவு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். ஏப்ரல் 14-ல வட இத்தாலியில, கிரெமோனா ஊர் பக்கத்துல பெட்ரியாகம்ங்கற இடத்துல விட்டெல்லியஸ் படை அவர் படையைத் தோற்கடிச்சது. ஆனா ஆட்டம் முடியலை. அவர் கூட இன்னும் வீரர்கள் இருந்தாங்க, டான்யூப் கரையில இருந்து பெரிய படை வந்துக்கிட்டே இருந்தது. போரைத் தொடரலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் வேண்டாம்னுட்டார். என் ஒருத்தனுக்காக இத்தனை பேர் சாக வேண்டாம்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். கூட இருந்தவங்களுக்குப் பணம் பிரிச்சுக் குடுத்தார், தன்னை ஆதரிச்சு வந்த கடிதங்களை, பின்னால யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னு எரிச்சார், தூங்கினார், விடியக்காலையில கத்தியை எடுத்துக் குத்திக்கிட்டார். வயசு 36. சில வீரர்கள் சிதைக்குப் பக்கத்துலயே உயிரை விட்டாங்க. சூட்டோனியஸ்னு இன்னொரு ஆசிரியர் இதையெல்லாம் எழுதறப்ப, எங்க அப்பா அந்தப் படையில அதிகாரியா இருந்தார்னு சொல்றார். அதனால இது வெறும் கட்டுக்கதை கிடையாது, வீட்டுல கேட்டு வளர்ந்த கதை.

ஓத்தோ செத்த சேதி ரோமுக்கு வந்தப்ப ஒரு திருவிழா நடந்துக்கிட்டிருந்தது. தியேட்டர்லயே அறிவிச்சாங்க. ஜனங்க விட்டெல்லியஸ் பேரைச் சொல்லிக் கைதட்டினாங்க, நிகழ்ச்சி தொடர்ந்தது.

விட்டெல்லியஸோட சாப்பாட்டுக் கதைகளை இணையத்துல நிறையப் பார்த்திருப்பீங்க. மயில் மூளை, ஃபிளமிங்கோ நாக்கு எல்லாம் போட்ட ஒரு பெரிய தட்டு. உண்மையா இருக்கலாம். ஆனா இதை எழுதினவங்களுக்குக் கிடைச்ச தகவல்கள் பெரும்பாலும் அவரைக் கொன்னவங்க ஆண்ட காலத்துல உருவானது. அவரை நல்லவர்னு சொல்லி யாருக்கும் லாபம் இல்லை. அவர் செய்த நிஜமான தப்பு வேற. தோத்த பக்கத்துல இருந்த பழைய பிரிட்டோரியன் காவலர்களை வேலையை விட்டு அனுப்பிட்டு, தன்னோட ஜெர்மனி வீரர்களை அந்த இடத்துல வெச்சார். டான்யூப் படையில ஓத்தோவை ஆதரிச்ச அதிகாரிகள்ல சிலரைக் கொன்னார். ஜெயிச்சவனுக்கு எல்லாம் உண்டு, தோத்தவனுக்கு வேலையும் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்போ தோத்தவன் என்ன பண்ணுவான்? இன்னொரு பேரரசரைத் தேடுவான்.

தேடினாங்க. கிழக்குல யூதேயாவுல கலகத்தை அடக்கிக்கிட்டு இருந்தார் வெஸ்பாசியன். பெரிய குடும்பம் இல்லை, அப்பா வரி வசூல் பண்ணினவர். ஜூலை 1-ஆம் தேதி, எகிப்து ஆளுநர் டைபீரியஸ் யூலியஸ் அலெக்சாண்டர் அலெக்சாண்ட்ரியாவுல இருந்த ரெண்டு லீஜியனை வெஸ்பாசியன் பேர்ல சத்தியம் பண்ண வெச்சார். அந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வேணும். ரோம் சாப்பிட்ட தானியத்துல பெரும்பங்கு எகிப்துல இருந்து கப்பல்ல போனது. அதனால வெஸ்பாசியன் அவசரப்படலை. எகிப்தைப் பிடிச்சுக்கிட்டு, பசிக்கட்டும்னு காத்திருக்கறது அவர் திட்டம்.

காத்திருக்காதவர் ஆண்டோனியஸ் பிரைமஸ், டான்யூப் பக்கத்துத் தளபதி. யார் உத்தரவுக்கும் நிக்காம இத்தாலிக்குள்ள பாய்ஞ்சார். அக்டோபர் 24 ராத்திரி, அதே கிரெமோனா பக்கத்துல ரெண்டாவது பெட்ரியாகம் போர்.

ராத்திரி முழுக்க நடந்த சண்டை அது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கவசம், ஒரே லத்தீன், ஒரே ஆயுதம். யாரு நம்மாளு, யாரு எதிரின்னு தெரியலை. அடையாளச் சொல் கேட்டுக் கேட்டு அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. காசியஸ் டியோங்கற வரலாற்றாசிரியர் ஒரு விஷயம் சொல்றார். நடுராத்திரியில கிரெமோனாப் பெண்கள் விட்டெல்லியஸ் வீரர்களுக்குச் சாப்பாடும் தண்ணியும் கொண்டு வந்தாங்க. அவங்க சாப்பிட்டுட்டு, மிச்சத்தை எதிர்ப் பக்கத்துல நின்னவங்களுக்கு நீட்டினாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டு. ஏன்னா ஒருத்தரை ஒருத்தர் தெரியும். வாங்கிச் சாப்பிட்டாங்க. சாப்பிட்டுட்டுத் திரும்பவும் வெட்டிக்கிட்டாங்க.

அந்த ராத்திரியில யூலியஸ் மான்சூட்டஸ்னு ஒருத்தர். ஸ்பெயின்காரர், பல வருஷம் முன்னாடி வீட்டுல ஒரு சின்னப் பையனை விட்டுட்டு ரைன் படையில சேர்ந்தவர். பையன் வளர்ந்தான். கால்பா ஸ்பெயின்ல புதுசா ஒரு லீஜியன் திரட்டினப்ப அதுல சேர்ந்தான். அது இப்போ வெஸ்பாசியன் பக்கம். இருட்டுல ஒரு எதிரியை வெட்டிச் சாய்ச்சு, உடம்புல என்ன இருக்குன்னு தேடறப்பத்தான் முகம் தெரிஞ்சது. அப்பா. உயிர் போய்க்கிட்டிருந்தது. பையன் கட்டிப் பிடிச்சு அழுது, அப்பாவைக் கொன்ன பாவின்னு என்னைச் சபிச்சுடாதேன்னு கெஞ்சினான். உடம்பைத் தூக்கிக் குழி தோண்டி அடக்கம் பண்ணினான். பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க, வரிசை முழுக்கச் செய்தி பரவுச்சு, எல்லாரும் இந்தப் பாழாப்போன போரைச் சபிச்சாங்க. சபிச்சுக்கிட்டே வெட்டறதை மட்டும் நிறுத்தலை. டாசிட்டஸ் அந்த நிறுத்தாததைத்தான் கவனமா பதிவு பண்றார்.

இதோட இன்னொண்ணையும் அவர் எழுதி வெச்சிருக்கார். அந்தப் போருக்கு அப்புறம் ஒரு சாதாரணக் குதிரைப்படை வீரன் தளபதிகள்கிட்ட வந்தான். சண்டையில என் அண்ணன் தம்பியில ஒருத்தனை நானே கொன்னேன், பரிசு வேணும்னு கேட்டான். குடுத்தா அசிங்கம், தண்டிச்சா போரே நடத்த முடியாது. தளபதிகள் என்ன சொன்னாங்க தெரியுமா? உன் சேவை ரொம்பப் பெருசு, அதுக்கு ஈடா குடுக்க இப்போ கையில இல்லை, அப்புறம் பார்க்கலாம்னு தள்ளிப் போட்டாங்க. ஜனவரியில 120 மனு வந்ததே, அதைவிட எனக்கு இந்த ஒத்தை மனுதான் மனசுல நிக்குது. அவன் சைக்கோ கிடையாது. பேரரசர் கொலைக்கே விலை உண்டுன்னா சொந்த ரத்தத்துக்கு ஏன் இல்லைன்னு கணக்குப் போட்டிருக்கான். கணக்கு சரியாத்தான் இருந்தது. அதுதான் பயமா இருக்கு.

விடியறப்ப வெஸ்பாசியன் பக்கத்து மூணாவது லீஜியன், சிரியாவுல இருந்தப்ப பழகின வழக்கப்படி, உதிக்கிற சூரியனைப் பார்த்து வணங்கிக் குரல் குடுத்தாங்க. யாருக்கோ புதுப் படை வந்துருச்சு, அதான் வரவேற்கறாங்கன்னு புரளி கிளம்பிச்சு. விட்டெல்லியஸ் படை உடைஞ்சது. தோத்தவங்க கிரெமோனாவுக்குள்ள ஓடினாங்க, பின்னாடியே 40,000 பேர் புகுந்தாங்க. ஊர் சரணடைஞ்ச அப்புறமும் நாலு நாள் கொள்ளை, கொலை, தீ. மதிலுக்கு வெளிய இருந்த மெஃபிடிஸ்ங்கற ஒரு தெய்வத்தோட கோயில் மட்டும் மிஞ்சிச்சு. கிரெமோனா 286 வருஷப் பழைய ஊர், ரோமானியர்களே கட்டின ஊர். பிடிபட்ட ஜனங்களை அடிமைகளா விக்கப் பார்த்தாங்க. இத்தாலி முழுக்க யாரும் வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அந்த வருஷத்துல சாதாரண மக்கள் வேண்டாம்னு சொன்ன சில விஷயங்கள்ல அது ஒண்ணு. அதுக்கு வீரர்கள் கண்ட பதில், விக்காத சரக்கைக் கொல்றது. சொந்தக்காரங்க ரகசியமா பணம் குடுத்துச் சிலரை மீட்டாங்க.

டிசம்பர். விட்டெல்லியஸ் பதவியை விட்டு இறங்கத் தயாரா இருந்தார். வெஸ்பாசியனோட அண்ணன் சபீனஸ் ரோம்லதான் நகர அதிகாரியா இருந்தார், பேச்சு வார்த்தை முடிஞ்சது. 18-ஆம் தேதி விட்டெல்லியஸ் கறுப்பு உடையில, சின்ன மகனைப் பல்லக்குல வெச்சுக்கிட்டு ஃபோரத்துக்கு வந்து, இடுப்புல இருந்த கத்தியைக் கழட்டிக் கான்சல்கிட்ட நீட்டினார். இறங்கறேன்னு அர்த்தம். கான்சல் வாங்க மறுத்தார். ஜனங்க வழியை மறிச்சுக்கிட்டு அரண்மனைக்கே திரும்பிப் போக வெச்சாங்க. பேரரசர் ஆகறதுக்குத்தான் விதி இல்லைன்னா, ராஜினாமா பண்ணவும் விதி இல்லை பாருங்க. யாருகிட்ட கடிதம் குடுக்கறது?

சபீனஸ் கேப்பிட்டோலின் குன்றுல போய் ஒளிஞ்சார். மறுநாள் விட்டெல்லியஸ் வீரர்கள் தாக்கினதுல ஜூபிடர் கோயில் எரிஞ்சது. ரோமோட மிகப் புனிதமான இடம். யார் பக்கம் தீ வெச்சதுன்னு அப்பவே தகராறு. சபீனஸைக் கொன்னாங்க. வெஸ்பாசியனோட மகன் டொமிஷியன், 18 வயசுப் பையன், ஐசிஸ் தெய்வத்தோட பக்தர் வேஷம் போட்டுத் தப்பினான்.

அடுத்து ஆண்டோனியஸ் படை நகரத்துக்குள்ள. தெருத் தெருவா சண்டை. ரோம் மக்கள் என்ன பண்ணினாங்க? நின்னு வேடிக்கை பார்த்தாங்க. அரங்கத்துல சண்டை பார்க்கிற மாதிரி, இந்தப் பக்கம் ஜெயிச்சா இதுக்கு ஆரவாரம், அந்தப் பக்கம் ஜெயிச்சா அதுக்கு. கடைக்குள்ள ஒளிஞ்ச வீரனை "இங்க இருக்கான்"னு காட்டிக் குடுத்தாங்க. அவனை வெட்டினதும் பொருளை எடுத்துக்கிட்டாங்க. ஒரு தெருவுல பிணம் கிடக்குது, பக்கத்துத் தெருவுல குளியலறையும் மதுக்கடையும் திறந்திருக்கு. சாட்டர்னேலியா பண்டிகை சீசன் வேற.

டாசிட்டஸ் இந்த ஜனங்க மேல ரொம்பக் கோவப்படறார். நான் அவ்வளவு கோவப்பட மாட்டேன். ஜனவரியில அழுதாலும் சிரிச்சாலும் எதுவும் மாறலை. ஏப்ரல்ல கைதட்டினாங்க, அதனாலயும் ஒண்ணும் ஆகலை. இதுல தங்களுக்குப் பங்கே இல்லைன்னு ஒரு வருஷமா அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. டிக்கெட் வாங்காத பார்வையாளர்கள் ஆயிட்டாங்க.

விட்டெல்லியஸ் காலியான அரண்மனையில ஒரு மூலையில ஒளிஞ்சிருந்தார். இழுத்துட்டு வந்து, குற்றவாளிகள் உடம்பைப் போடற படிக்கட்டுல வெச்சுக் கொன்னாங்க. என்ன இருந்தாலும் நான் உங்க பேரரசரா இருந்தவன்னு கடைசியா சொன்னாராம்.

உடனே செனட் கூடி, வெஸ்பாசியனுக்கு எல்லா அதிகாரமும் குடுத்தது. அவர் அப்போ ரோம்லயே இல்லை, எகிப்துல இருந்தார். அடுத்த வருஷம்தான் வந்தார். நல்ல நிர்வாகி, அதுல சந்தேகம் இல்லை. எரிஞ்ச கோயிலைத் திரும்பக் கட்டறப்ப முதல் கூடை இடிபாட்டை அவரே தூக்கினார். அந்தத் தீயில செனட் தீர்மானங்களும் ஒப்பந்தங்களும் பொறிச்ச 3,000 வெண்கலப் பலகைகள் அழிஞ்சிருந்தது. நாடு முழுக்கப் பிரதிகளைத் தேடி எல்லாத்தையும் மறுபடி செய்ய வெச்சார்.

அவரோட சொந்தப் பலகை ஒண்ணும் நமக்குக் கிடைச்சிருக்கு. அவருக்கு அதிகாரம் குடுத்த சட்டத்தோட கடைசிப் பகுதி, ரோம்ல கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்துல இருக்கு. ஒப்பந்தம் போடலாம், செனட்டைக் கூட்டலாம், நாட்டு நன்மைக்குத் தேவைன்னு பட்டதைச் செய்யலாம்னு வரிசையா போகுது. கடைசிப் பக்கம் ஒரு விதி வருது: இந்தச் சட்டம் நிறைவேறதுக்கு முன்னாடி வெஸ்பாசியன் செய்ததெல்லாம், மக்கள் ஆணைப்படி செய்த மாதிரியே செல்லும். அந்த "முன்னாடி"க்குள்ள கிரெமோனா இருக்கு, மான்சூட்டஸ் இருக்கார்.

வெஸ்பாசியன் தன் ஆட்சி வருஷத்தை எந்த நாள்ல இருந்து எண்ணினார் தெரியுமா? செனட் தீர்மானம் போட்ட டிசம்பர்ல இருந்து இல்லை. அலெக்சாண்ட்ரியாவுல ரெண்டு லீஜியன் சத்தியம் பண்ணின ஜூலை 1-ல இருந்து. மறைக்கக்கூட இல்லை.

193-ல பிரிட்டோரியன்கள் முகாம் மதிலுக்கு மேல நின்னுக்கிட்டு அந்தப் பதவியை வெளிப்படையாவே ஏலம் விட்டாங்க. டிடியஸ் யூலியானஸ்னு ஒருத்தர் தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் கேட்டு எடுத்தார். 66 நாள் ஆண்டார். அவர் கதை அடுத்த எபிசோட்ல.